அளவுக்கு ஒரு ஆள்

எங்கள் அப்பாவுக்கு பஸ் டிப்போவில் பெயர் ‘சீனரி’. பெயிண்ட் ஷெட்டில் நாலைந்து பெயிண்டர்கள் இருந்தார்கள். பெயிண்டர் என்று கூப்பிட்டால் எல்லாரும் திரும்புவார்கள். சீனரி என்று கூப்பிட்டால் அவர் ஒருத்தர்தான் திரும்புவார், அதுவும் இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான். முதல் தடவை கூப்பிடும்போது அவர் எந்த மலையடிவாரத்தில் இருந்தாரோ, யாருக்குத் தெரியும்.

வாரம் முழுக்க அவருக்கு வேலை, பஸ்ஸின் இடுப்பைச் சுற்றிக் கோடு இழுப்பதும் ரூட் நம்பர் எழுதுவதும். உள்ளே ‘படியில் நிற்காதீர்’, ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று எழுதுவதும் அவர்தான். கை நடுங்காத எழுத்து. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே கை மரம், ஏரி, பாறை, மேகம் என்று போய்விடும். டிப்போ பச்சையை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். “அது பஸ்ஸுக்கு அடிக்கிற பச்சை, இலைக்கு ஆகாது” என்பார். இலைக்கு ஆகிற பச்சையைக் கலக்க உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும், நாங்கள் பேசுவது காதில் ஏறாது. அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, “ஓட்டுநருடன் பேசாதீர்” என்பாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடிய ஜோக் அது. அப்பாவும் சிரிப்பார், திரும்பாமலேயே.

இரண்டே அறை. இரண்டு அறையிலும் சுவர் தெரியாது. கதவுக்குப் பின்னால் ஒரு அருவி, அலமாரிக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு, கட்டிலுக்கு அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்திருக்கும் காடுகள். வருகிறவர்கள் “உள்ள வந்தாலே குளிரடிக்குதே” என்று சொல்லிவிட்டு உட்கார இடம் தேடுவார்கள். அத்தனை படத்திலும் ஒரு மனுஷன் கிடையாது. ஒரு மாடு, ஒரு ஓட்டு வீடு, ஒரு கைத்தடிகூடக் கிடையாது. மனுஷன் வந்தால் இடம் கெட்டுவிடும் என்பது அப்பாவின் சித்தாந்தம். இப்படிப்பட்டவர் ஏன் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வாய்விட்டே கேட்டிருக்கிறார்.

நான் சொல்கிறேன், ஏன் என்று. அளவுக்கு.

டிப்போவில் வேலை செய்கிறவருக்கும் அவர் மனைவிக்கும் எந்த பஸ்ஸிலும் போகலாம் என்று ஒரு பாஸ் உண்டு. கல்யாணம் ஆன முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா, “சிவப்புப் புடவை இருக்கா? கட்டிக்கோ, உனக்கு நல்லாத் தெரியும்” என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இறங்கி, ஒரு ஏரிக்கரையில் பலகையை விரித்து, “அந்த மரத்துக்குப் பக்கத்துல போய் நில்லு” என்றார். நின்றாள். “இன்னும் கொஞ்சம் தள்ளி.” தள்ளி நின்றாள். “இன்னும் தள்ளி.” வெயில் சாயும்வரை நின்றுவிட்டு, படத்தில் தான் எப்படி வந்திருக்கிறோம் என்று பார்க்க ஓடி வந்தாள். மரம் இருந்தது. ஏரி இருந்தது. கரை காலியாக இருந்தது.

“நான் எங்கங்க?”

“நீ எதுக்கு? மரம் எவ்வளவு உயரம்னு தெரியணும்ல. அளவுக்குத்தான் உன்னை நிக்க வச்சேன்.”

இதை அம்மா எனக்குச் சொன்னபோது சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நல்லாத் தெரியும் என்று அவர் சொன்னது தூரத்தில் நன்றாகத் தெரியும் என்பதுதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்ததாம். பெரிய மாமா அன்று முதல் தங்கையை ‘ஸ்கேல்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். “என்ன ஸ்கேலு, இந்த வாரம் எந்த மலையை அளந்த?” அவளும் அதற்குச் சரிக்குச் சரியாகப் பதில் சொல்வாள்.

நான் பிறந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அப்பாவின் காலடியில் நிழலில் உட்கார்ந்திருப்பேன், பேசக் கூடாது. அம்மா போய்க்கொண்டே இருப்பாள். அப்பா கையை நீட்டி, பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடுவார். பிரஷ்ஷின் நுனி அம்மாவின் தலைக்கு வரும். கட்டைவிரல் நகம் இறங்கி அவள் பாதத்தில் நிற்கும். அது ஒரு ஆள். பிறகு பிரஷ் அப்படியே மரத்தின் மேல் ஏறும். “ஒண்ணு, ரெண்டு, மூணு…” அவர் ஆள் என்று எண்ணுவார், நான் அம்மா என்று எண்ணுவேன். அந்த ஏரிக்கரை மரம் ஏழு அம்மா உயரம். எதிர்ப்பக்கத்துப் பாறை மூன்றரை அம்மா. நான் கையை ஆட்டினால் அவளும் ஆட்டுவாள். உடனே அப்பா, “ஆடாத” என்று கத்துவார். அவளுக்குக் கேட்காது. எனக்குத்தான் கேட்கும்.

கேன்வாஸில் முதலில் பென்சிலால் ஒரு சின்னக் குச்சி போடுவார். அதுதான் அம்மா. அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் அதன் மேல் புல்லைப் பூசிவிடுவார். எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் புல்லுக்கு அடியில் என் அம்மா குச்சியாக நிற்கிறாள்.

அப்பா கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அம்மா கையில்தான் கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரேயடியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் படங்கள் நன்றாக வேறு இருந்தன. அந்த ஏரிக்கரைகளைப் பார்த்தால் காலைச் செருப்போடு தண்ணீரில் வைத்துவிடலாம் போல இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் மருந்துக்கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டே அம்மா அப்பாவைக் கேட்டாள்.

“இந்தத் தடவை என்னையும் படத்துல வைங்க.”

“ஆள் வந்தா இடம் கெட்டுரும்.”

“நான் குள்ளந்தானே. எவ்வளவு இடத்தைக் கெடுத்துடப் போறேன்?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அப்பாவும் அன்றைக்கு என்ன தோன்றியதோ, “சரி, சிவப்பு கட்டிக்கோ” என்றார்.

வைத்தார். அதே ஏரிக்கரை, அதே ஏழு அம்மா மரம். மரத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சிவப்பாக அம்மா. முகமென்று ஒன்றும் இல்லை, நிற்கிற வாகு மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். “நான்டி” என்று தொட்டாள். பெயிண்ட் காயவில்லை. விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. ராத்திரி பாத்திரம் துலக்கும்வரை அந்தக் கையை அவள் கழுவவில்லை. அந்த வாரம் முழுக்க, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிலிருந்து பால்காரர் வரை யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். “கண்டுபிடிங்க பாக்கலாம், நான் எங்க இருக்கேன்னு.” கண்டுபிடித்தால் அவளுக்குச் சந்தோஷம். கண்டுபிடிக்காவிட்டால் காட்டிக்கொடுப்பதில் இன்னும் சந்தோஷம்.

அப்போதுதான் நகர மண்டபத்துக்காரர்கள் ஒரு ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். அப்பா பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள், மண்டபத்துச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு அந்த ஏரிக்கரைக்கு முன்னால் நின்றார். அப்பாவின் வாழ்நாளில் முதல் தடவையாக வெளி ஆள் ஒருத்தர் அப்படி நின்று பார்த்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அது ஏற்கெனவே துடைத்த நாற்காலி.

“இதையே வச்சிடலாம். ஆனா ஒண்ணு. இது இயற்கைக் காட்சிப் பிரிவு. ஆள் இருந்தா எடுத்துக்க மாட்டாங்க” என்றாராம் செயலாளர். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா அப்போது அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் மருந்துக்கடையில். அப்பா என்ன பதில் சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மறுநாள் படத்தைப் போர்வையில் சுற்றி, டிப்போவில் சட்டம் போட்டுவிட்டு அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். அம்மா பஸ் ஸ்டாப் வரை கூடவே போய், ஒரு ஓரத்தைப் பிடித்து ஏற்றிவிட்டு வந்தாள்.

முதல் பரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா பெரிய மாமாவை வரச்சொன்னாள், தையல்காரம்மாவை வரச்சொன்னாள். அதே சிவப்புப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டாள், பார்த்ததும் அடையாளம் தெரியட்டும் என்று. மண்டபத்தில் ஏறி நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றோம். அப்பா கொஞ்சம் தள்ளி செயலாளரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூக்கால் தேடினார். மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புதர் இருந்தது. நல்ல புதர், இலை இலையாகத் தெரிந்தது.

“எங்கம்மா நீ? இந்தப் புதருக்குப் பின்னாடியா இருக்க?”

அப்பா பக்கம் திரும்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமாண்ணா. வெயில் தாங்கல. புதருக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா, “ஸ்கேலுக்கே வெயில் தாங்கலியா” என்றார். தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா பெயிண்டால் பூசி மெழுகியதை அம்மா வார்த்தையால் பூசி மெழுகினாள். இரண்டிலும் அவள்தான் காணாமல் போனாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா அவரைக் கேட்டாள்.

“எவ்வளவு நேரமாச்சுங்க?”

“எதுக்கு?”

“என்னைப் புதராக்க.”

அப்பா யோசித்தார். மழுப்புவதற்காக இல்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதற்காக யோசித்தார். அதுதான் அவர். “டிப்போவுல டீ டயத்துலயே முடிஞ்சிடுச்சு. பச்சை ஏற்கெனவே கலந்து வச்சதுதான்” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி என்றாள். அதற்கு அடுத்த வாரமும் முட்டி வலி. அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

பரிசுப் படத்தை அப்பா முன்னறையில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார். அம்மா வெளியே போய் வந்ததும் தன்னுடைய கைப்பையை அந்தப் படத்து ஆணியிலேயே மாட்டினாள். பை சரியாகப் புதர்மேல் தொங்கியது. அப்பா எடுத்து நாற்காலியில் வைப்பார். மறுபடி மாட்டுவாள். வருஷக்கணக்காக இது நடந்தது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாயின. தையல்காரம்மா வீட்டுக்குப் போய் ஓரம் மடித்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை என்று கண்ணாடி போட்டாள், பழுப்புச் சட்டம் போட்டது. போட்டுக்கொண்டு வந்து, “எனக்கு எப்படி இருக்கு?” என்று எல்லாரையும் கேட்டாள். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கு என்றேன் நான். அப்பாவிடமும் கேட்டாள். அவர் மேகத்துக்கு வெள்ளை கலந்துகொண்டிருந்தார். “ம், நல்லாருக்கு” என்றார், திரும்பாமல்.

அப்பா தனியாகப் போனார். போன இடத்தில் ஒரு விஷயம் கைவிட்டுப் போயிருந்தது. படங்களில் எதுவும் அதனதன் அளவில் நிற்கவில்லை. குடையை நட்டு வைத்துப் பார்த்தார், காற்று தூக்கிக்கொண்டு போனது. டிப்போ கண்டக்டர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பீடி பற்ற வைக்க நகர்ந்து நகர்ந்து நின்றதில் மலை ஒரு பக்கம் பெரிதாகவும் இன்னொரு பக்கம் சிறிதாகவும் வந்தது. ஒரு நாள் மாமா வந்து புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது பாறையா மாப்பிள்ளை, உருளைக்கிழங்கா?” என்று கேட்டார். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. எனக்கும்தான்.

ஒரு ‘மன்னிச்சுக்கோ’வில் முடிந்திருக்கும். அதை அவர் சொல்லவே இல்லை. ஒரே ஒரு தடவை கதவருகே நின்று, “நீ வந்து நின்னா சரியா வரும்” என்றார். அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, “எனக்கு வேலை இருக்கு” என்றாள்.

அம்மா போனது சட்டென்று. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், திரும்பக் கூட்டி வரவில்லை. பை ஆணியிலேயே தொங்கியது. அப்பா அதை எடுக்கவில்லை. பென்ஷன் வாங்குகிற மனுஷன், நாள் முழுக்க அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்தபோது வீடு முழுக்க பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் நெடி. படம் தரையில் கிடந்தது. அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு, கையில் துணியோடு இருந்தார்.

“புதரை மட்டும் எடுத்துடலாம்னு பாத்தேன்” என்றார். “அடியில அவ அப்படியே இருப்பான்னு நினைச்சேன்.”

துணியில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து சேறாக இருந்தது. படத்தில் மரத்துக்குப் பக்கத்தில் வெறும் கேன்வாஸ் பல்லைக் காட்டியது. புதரும் போயிற்று, அவளும் போய்விட்டாள். நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றாமலே படுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் என்னிடம் வந்து, “ஏரிக்கரைக்கு வரியாம்மா? அளவுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார். வாயில் நல்லதாக ஒன்றும் வராததால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். படத்தைப் போர்வையில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டார்.

அந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “இன்னும் கொஞ்சம் தள்ளி” என்று தூரத்திலிருந்து கையைக் காட்டினார். தள்ளி நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. அப்போதுதான் நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் அப்பா ஒரு தொப்பி, ஒரு பலகை, அவ்வளவுதான். முகம் தெரியவில்லை, சிரிக்கிறாரா கோபமாக இருக்கிறாரா தெரியவில்லை. தன் புருஷன் என்று என் அம்மா அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆடக் கூடாது என்பதால் ஆடாமல் நின்றேன்.

அவர் கூப்பிட்டதும் வந்து பார்த்தேன். நான் இல்லை. அம்மா இருந்தாள். “உன்னை விட அவ குள்ளம், உன் காதுக்குத்தான் வருவா. அதைக் கழிச்சுக்கிட்டேன்” என்றார். சிவப்புப் புடவை, பாரம் முழுக்க இடது காலில், வலது முட்டி லேசாக மடங்கி, வலது கை வெயிலுக்கு நெற்றிமேல். அச்சு அசல் அவள் நிற்கிற வாகு. அத்தனை சின்ன உருவத்தில் அதைக் கொண்டுவர உலகத்தில் வேறு யாராலும் முடியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறு வந்துவிட்டது.

“முகம் போடலையா?”

“அவ்வளவு தூரத்துல முகம் தெரியாதும்மா.”

“அவ்வளவு தூரத்துல நிக்கச் சொன்னது யாருப்பா?”

அவர் பிரஷ்களைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார்.

திரும்பி வரும்போது கிடைத்தது ஒரு பழைய பஸ். முன்னால் உட்கார்ந்தோம். படம் காயாததால் அவர் அதை மடியில் வைக்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில், என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

“உங்கம்மா கண்ணாடி போட்டிருந்தாளா?”

எதிரே டிரைவர் தலைக்கு மேலே, அப்பா கையால் எழுதியது, பெயிண்ட் கொஞ்சம்கூட உதிராமல் இருந்தது: ஓட்டுநருடன் பேசாதீர். வீடு வரும்வரை அதையே படித்துக்கொண்டு வந்தேன்.